கழகம் போனது, கடைகள் எங்கே போவது?

லிவர்பூல் எமக்குத் தெரியாத ஊரல்ல. அப்துல்லாஹ் குயிலியம் 1889 இல் பள்ளிவாசல் அமைத்த நகரம். அங்கே 1892 இல் திறக்கப்பட்ட குடிசன் பார்க் மைதானம் எவர்டன் உதைபந்தாட்டக் கழகத்தின் தாய்வீடு. 1966 உலகக் கிண்ண அரையிறுதியொன்றும் அங்கேதான் நடந்தது. 2025 மே மாதத்தோடு ஆண்கள் அணி துறைமுகப் பக்கம் கட்டிய புதிய அரங்குக்குப் போய்விட்டது.

ரசிகர்களின் கண்ணீரைப் பற்றி நிறைய எழுதினார்கள். எனக்கோ சுற்றிவர உள்ள கடைகளே கண்ணில் பட்டன. மதுச்சாலைகளை விடுவோம், அது எமக்கு ஆகாத தொழில். ஆனால் சாப்பாட்டுக் கடைக்காரன், தெருவில் கழுத்துச் சால்வை விற்றவன்? சுமார் 39,000 பேர் கொள்ளும் மைதானம். லீக் போட்டி வருடத்துக்கு 19 நாள்தான். பெருநாளைக்கு முந்திய பத்து நாள் வியாபாரத்தை நம்பிக் கடை வாடகை கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

இடித்துவிட்டு வீடுகளும் சுகாதார நிலையமும் கட்டுவதே முதல் திட்டம். வரைபடம் அழகுதான். இடிப்பதற்கும் குடிவருவதற்கும் இடைப்பட்ட வருடங்களில் கடைக்காரன் யாருக்கு விற்பான்? லண்டனில் வெஸ்ட் ஹேம் கழகம் 2016 இல் அப்டன் பார்க்கை விட்டுப் போக, மைதானம் தொடர்மாடி வீடுகளானது. பக்கத்துக் கிரீன் வீதியில் புடவை, நகை, ஹலால் இறைச்சி விற்கும் எமது சகோதரர்களுக்கு அன்றாட வாடிக்கையாளர் இருந்தார்கள். போட்டி நாளை மட்டும் நம்பிய உணவகங்களுக்குத்தான் அடி விழுந்தது.

குடிசனில் பின்னர் முடிவை மாற்றி, மைதானத்தை எவர்டன் பெண்கள் அணிக்குக் கொடுத்தார்கள். என் பார்வையில் நல்ல முடிவு. பழைய கூட்டம் வராதுதான். ஆனாலும் தகரம் அடித்து மூடிய காணியை விடக் கொஞ்ச ஆட்களாவது வரும் வாசல் மேல்.

அது மட்டும் போதாது. போட்டியில்லாத நாட்களில் அரங்கின் கீழ்த்தளத்தை வாரச் சந்தைக்கு விடலாம். வாகனத் தரிப்பிடத்தைக் கடைகளுக்கு வருவோருக்குத் திறக்கலாம். கழகம் தானாக இதைச் செய்யும் என்று நான் நம்பவில்லை. புதிய அரங்கின் கடன் அதற்குப் பெரிய தலையிடி. அந்தத் தெருக் கடைக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து, அடுத்த திட்டம் மாநகர சபைக்குப் போகுமுன் எழுத்தில் கேட்க வேண்டும்.