பிள்ளையின் கையைத் தட்டிவிடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வருகிறவர்கள் தாராளமாகக் கமெண்டில் திட்டுங்கள், ஆனால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் ஓர் அமுச்சி, மடியில் பத்து மாதப் பேரன். இலையில் இட்லி வைத்தார்கள். பிள்ளை எட்டி ஒரு துண்டைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனான். "வேண்டாஞ் சாமி, தொண்டையில சிக்கிக்கும்" என்று பட்டென்று கையைத் தட்டிவிட்டார் அமுச்சி. பிறகு பையிலிருந்து டப்பா வந்தது. பாலில் ஊறிய பிஸ்கட். செல்போனில் பாட்டு ஓடியது. பிள்ளை திரையைப் பார்த்தபடி வாயைத் திறந்தான், கரண்டி உள்ளே போனது. "சமத்தாச் சாப்படறான்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எதுங்க சமத்து? இட்லியை எடுத்தானே, அதுதான் சமத்து. அதற்குத்தான் அடி விழுந்தது.

அந்த அமுச்சியை மட்டும் சொல்லவில்லை. நானும் அதையே செய்தவள்தான். ஆசிரியர் பயிற்சியில் மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். 1939ல் சென்னை அடையாறுக்கு வந்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலில் இருந்தார், குழந்தை தன் வேலையைத் தானே செய்து கற்க வேண்டும் என்றார் என்று தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அப்புறம் என் மகனைக் காலிடுக்கில் கிடத்தி, மூக்கைப் பிடித்துக் கஞ்சி ஊற்றினேன். அவன் அழுவதற்கு வாயைத் திறக்கும்போது ஊற்றினால் சுலபம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமியார். அது புரையேறும் வழி என்று அன்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்பில் ஒரு புதுமையைப் பார்த்தேன். சத்துணவுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, சோற்றைப் பிசையத் தெரியாமல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். யாராவது ஊட்டுவார்கள் என்று காத்திருப்பார்கள். அதே பிள்ளைகளுக்குப் பென்சிலும் நிற்காது. எட்டு, ஒன்பது மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பருக்கையைப் பொறுக்கத் தொடங்கும். பின்னால் பென்சிலைப் பிடிப்பதும் அந்த விரல்கள்தான். அந்த வயதில் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, ஐந்து வயதில் "மிஸ், இவனுக்கு எழுத வரமாட்டீங்குது" என்று என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய?

சரி, என்ன கொடுக்கிறோம்? இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். நாமக்கல் முட்டை மாநிலம் முழுக்கச் சத்துணவுக்குப் போகிறது, கேரளாவுக்குப் போகிறது, கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகிறது. இன்றைக்கு முட்டை என்ன விலை என்று காலையில் பேப்பரில் பார்க்கிற ஊர் இது. பள்ளியில் 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, 2010ல் வாரத்துக்கு ஐந்தானது. பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பது, கோழிப்பண்ணைக்காரர் வீட்டு ஒன்பது மாதப் பிள்ளைக்குக் கிடையாது. கேட்டால் "சூடுங்க டீச்சர், வயித்துக்குச் சேராது." பதிலுக்கு என்ன? சேலத்து ஜவ்வரிசிக் கஞ்சி. சேகோ ஆலை வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் கோபிக்க வேண்டாம், பாயசத்துக்கு நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் அது மரவள்ளிக்கிழங்கின் வெறும் மாவுச்சத்து. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 100 கிராம் ஜவ்வரிசியில் ஒரு கிராம்கூடத் தேறாது. வயிறு ரொம்பும், பிள்ளை தூங்கும், நாமும் நிம்மதியாக இருப்போம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது: நாட்டில் ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் போதுமான உணவு கிடைப்பது நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு. நம் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் பாதிக்கு மேல், 57 சதவீதம் பேருக்கு, இரத்தசோகை. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து மட்டும் போதாது. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. கூடவே முட்டை, ஈரல், கீரை, பருப்பு வேண்டும் என்கிறேன். பிஸ்கட்டில் இருப்பது மைதாவும் சர்க்கரையும்.

தனியாக எதுவும் சமைக்க வேண்டாம். உப்பும் காரமும் போடுவதற்கு முன் போசியிலிருந்து கொஞ்சம் எடுத்து வையுங்கள். விரல் நீளத்துக்கு வேகவைத்த அரசாணிக்காய், சர்க்கரைவள்ளி. நன்றாக வெந்த முட்டையில் நீளவாக்கில் ஒரு துண்டு (முதல் நாள் கொஞ்சமாகக் கொடுத்து, தடிப்பு வருகிறதா என்று பாருங்கள்). முருங்கைக்கீரை போட்ட மெத்தென்ற ராகி அடை. நம்ம ஊர்க் களியைவிட நல்ல பண்டம் உண்டா? இளக்கமாகக் கிண்டி, குழைந்த பருப்பை ஊற்றி வட்டலில் வைத்தால் அவனே கையை விட்டு அள்ளுவான். ஈரலை வேகவைத்து மசித்துக் கொடுங்கள். தேன் மட்டும் ஒரு வயது முடியும்வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம்.

சிக்கிக்கொள்ளும் என்ற பயம் நியாயமானது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் குமட்டல் வேறு, மூச்சடைப்பு வேறு. பிள்ளை முகம் சிவந்து, இருமி, துண்டை வெளியே தள்ளினால் அது குமட்டல், அவனே சமாளிப்பான். சத்தமே வராமல் திணறினால், நீலம் பாய்ந்தால் அதுதான் ஆபத்து. அப்போது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், துண்டு உள்ளே போய்விடும். குப்புறச் சாய்த்துப் பிடித்து முதுகில் தட்ட வேண்டும். நர்சம்மாவிடம் ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் அழுத்தினால் நசுங்குகிற பதம்தான் கொடுக்க வேண்டும். முழு நிலக்கடலை, முழு திராட்சை, பச்சைக் கேரட், முறுக்கு கூடவே கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, பெரியவர் ஒருவர் எதிரிலேயே இருக்க வேண்டும். பயப்பட வேண்டியது, ஓடுகிற பிள்ளையின் பின்னால் கிண்ணத்தோடு ஓடுவதற்கு.

தலையைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வாய்கூடத் திணிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. "எல்லாம் சிந்தீருது" என்கிறார்களே, அதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். சிந்தினால் துடைப்பது யார்? ஸ்பின்னிங் மில்லிலிருந்து ஷிப்ட் முடிந்து வரும் அம்மா. அவளுக்கு மிக்ஸியும் செல்போனும் சோம்பேறித்தனம் இல்லை, வேறு வழி இல்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. திண்ணையில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் குழந்தை வளர்ப்புக் குறிப்பு அனுப்பும் தாத்தாக்களுக்கும் அப்பாக்களுக்கும்தான் சொல்கிறேன். அனுப்பியது போதும், ஒரு பழைய துணியை எடுத்துக் கீழே விரியுங்கள்.

இங்கே என் பேத்தி முட்டை மஞ்சளைத் தலையில் தேய்த்துவிட்டாள். பாதி வயிற்றுக்குள்ளும் போயிருக்கிறது. குளிக்க வைக்க வேண்டும். உங்கள் கமெண்டுகளுக்குச் சாயங்காலம் பதில் போடுகிறேன்.