‘இலவச’ சோலார்: டீச்சர் கொஞ்சம் கோபமாகப் பேசுகிறேன்



போன பௌர்ணமிக்கு நம் அடி அண்ணாமலையில் கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பையன் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். ‘உங்கள் மாடிக்கு இலவச சோலார், முன்பதிவுக்கு ரூ.5,000 மட்டும்’. இலவசம் என்றால் ஐயாயிரம் எதற்கு என்று கேட்டேன். கூட்டத்தில் நழுவிவிட்டான். பக்கத்துத் தெருவில் இருவர் கட்டிவிட்டார்களாம். ஒருவர் என்னிடம் படித்தவர். அதுதான் எனக்கு வலிக்கிறது.

அந்தப் பையனை மட்டும் திட்டிப் பயனில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் பெயரிலேயே ‘முஃப்த்’ என்று இருக்கிறது. இந்தியில் அதற்கு இலவசம் என்றுதான் பொருள். உண்மையில் அது மானியம். 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் ரூ.78,000, அவ்வளவுதான். அதுவும் பலகை ஏறி, மீட்டர் மாற்றி, மின்வாரியம் பார்த்துச் சரி என்ற பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். என் வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்குச் சொன்ன விலை ஏறத்தாழ இரண்டு லட்சம். முதலில் அந்தப் பணத்தைப் புரட்ட வேண்டும். பிணையில்லாத வங்கிக் கடன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடனை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை. இணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் மாணவி வீட்டுக்கு ஹீட் பம்ப் போட்டாள். வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தள்ளும் இயந்திரம், நம் ஏ.சி.யைத் திருப்பி ஓடவிட்டது போல. செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர் வரியில் கழித்துக்கொண்டாள். அந்தச் சலுகை 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. அந்த வகையில் கையில் பணமாகத் தரும் நம் மானியம் மேல். இருந்தும் ஓட்டு வீட்டுக்காரருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் இங்கே என்ன கிடைக்கிறது? மாடி உள்ளவனுக்குத்தான் மானியம். வீட்டுக்காரர் முன்பணம் போடாமல் மின்வாரியமோ நிறுவனமோ பலகை வைத்துத் தரும் வழிக்கு மத்திய அரசின் விதிகளிலேயே இடம் இருக்கிறது. அதை நம் தெருவுக்குக் கொண்டுவாருங்கள் என்று ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடம் கேளுங்கள்.

‘நூறு யூனிட் சும்மா வருகிறதே, எதற்கு இதெல்லாம்?’ என்கிறார் என் தம்பி. இரண்டு மாதத்துக்கு நூறு, சரி. வெந்நீர் ஹீட்டரும் ஏ.சி.யும் ஓடும் வீடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும், தம்பி. 1 கிலோவாட் பலகை நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். நம் ஊர் வெயிலுக்கா பஞ்சம்?

இனி சொந்தங்களுக்கு. எங்கள் வீட்டு மின் இணைப்பு இன்னும் என் மாமனார் பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிப் பதினோரு வருடம். பெயர் மாற்ற வாரிசுச் சான்றும் உங்கள் கையெழுத்தும் வேண்டும். இரண்டு வருடமாகக் கேட்கிறேன். மின் அட்டையில் பெயர் மாறினால் வீடு என் பெயருக்கு வந்துவிடாது. பத்திரமும் பட்டாவும் அப்படியேதான் இருக்கும். முப்பத்தைந்து வருடம் இந்தக் குடும்பத்தில் இருக்கிற அண்ணியைச் சந்தேகப்படுவதாக இருந்தால் நேரில் சொல்லுங்கள். போனை எடுக்காமல் இருக்காதீர்கள்.

மாணவர்களே, ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் இன்னொன்று, மின் அட்டையில் இனிஷியலே இல்லை என்று மானியம் நின்றுபோகிறது. இதில் எனக்கும் பங்குண்டு. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில் அப்பா பெயரைச் சரியாகக் கேட்காமல் அவசரத்தில் நானே எழுதியவை சில இருக்கின்றன.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம். ஐயாயிரம் கட்டியவர்கள் ரசீது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.