கடலுக்கு அப்பாலுள்ள அயல்வீடு

சென்ற வாரம் வக்கீல்கள் அறையில் நண்பர் ஒருவர், விடுமுறைக்குக் குடும்ப சகிதமாய்ப் பாலித் தீவுக்குப் போய்வர உத்தேசித்திருப்பதாகச் சொன்னார். சந்தோஷம் தெரிவித்து, "இந்தோனேஷியாவில் வேறு எந்த இடங்களைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டோம். "இந்தோனேஷியாவா? அது முஸ்லிம் ராஜ்யமல்லவா? நான் போவது பாலிக்கு" என்றார். பாலி அந்தத் தேசத்தின் மாகாணங்களில் ஒன்று என்பது அவருக்குத் தெரியாது. அவர் சாமான்யரல்லர். இங்கிலாந்தின் சட்ட சரித்திரம் அவருக்கு மனப்பாடம். அமெரிக்கத் தேர்தல் வந்தால் எந்த மாகாணத்துக்கு எத்தனை வாக்கு என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லக்கூடியவர்.

நண்பரைப் பரிகசிப்பது நமது நோக்கமன்று. நம்மவரில் படித்தவர்களின் நிலைமை அநேகமாக இதுவே. பள்ளிக்கூடத்துத் தேசப்படத்திலேயே இந்த விபரீதம் ஆரம்பமாகிவிடுகிறது. அந்தமான், நிக்கோபார்த் தீவுகளை இடப்பற்றாக்குறை காரணமாக ஒரு மூலையில் சிறு கட்டம் போட்டு அடைத்துவிடுகிறார்கள். கட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. அங்கே இருப்பது ஸுமத்ரா. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியிலிருந்து இந்தோனேஷியாவின் எல்லைத் தீவுகள் 200 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் இருக்கின்றன. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போவதே இதைவிட அதிக தூரம்.

இந்த அயல்வீடு இருப்பது நமக்கு ஒருமுறை மிகக் கொடூரமாக உணர்த்தப்பட்டது. 2004 டிசம்பர் 26 காலையில் ஸுமத்ராவின் மேற்கே கடலடியில் பூமி அதிர்ந்து, சுமார் இரண்டு மணி நேரத்துக்கெல்லாம் நாகப்பட்டினத்தைக் கடல் விழுங்கியது. அங்கே ஆச்சே பிரதேசத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த இரண்டு மணி நேரத்தில் கரைக்கு எச்சரிக்கை சொல்ல எந்த ஏற்பாடும் இந்துமகா சமுத்திரத்தில் அன்று இல்லை. நம் வீடுகளில் ஆச்சே என்ற பெயரைக் கேள்விப்பட்டதே அதற்குப் பிறகுதான்.

ஒரு தேசத்தைப் பற்றி அறிவதென்றால் தலைநகரம், நாணயம், கொடி என்று ஜாபிதா ஒப்பிப்பது என்று நம்மிற் பலர் எண்ணுகிறார்கள். தீர்ப்பை வாசிக்காமல் தலைப்புக் குறிப்பை மட்டும் வாசித்துவிட்டுக் கோர்ட்டில் எழுந்து நிற்கும் வக்கீலின் கதைதான் அது. தலைப்புக் குறிப்பும் வேண்டியதே. பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள், 27 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள், கிழக்கு மேற்காக 5,000 கிலோமீட்டருக்கு மேல் அகலம், உலகத்திலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் முன்னிலை - இவை முதல் வரிகள். ஆனால் விஷயம் இதற்குப் பிறகே ஆரம்பமாகிறது.

"முஸ்லிம் ராஜ்யம்" என்ற நண்பரின் வார்த்தையையே எடுத்துக்கொள்வோம். ஜனங்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் முஸ்லிம்கள் என்பது வாஸ்தவம். ஆயினும் அவர்களுடைய அரசியல் சாசனம் இஸ்லாத்தை ராஜ்ய மதமாக்கவில்லை. 1945 ஜூன் மாதம் தயாரான நகலில், முஸ்லிம்கள் ஷரியத்தை அனுசரிக்கக் கடமைப்பட்டவர்கள் என்ற கருத்துக் கொண்ட ஏழு வார்த்தைகள் இருந்தன. கிறிஸ்தவர்கள் மிகுந்த கீழ்த்தீவுகள் இதனால் பிரிந்துவிடக் கூடும் என்ற அச்சம் எழுந்தது. ஆகஸ்டு 18-ந் தேதி, அதாவது சுதந்திரப் பிரகடனத்துக்கு மறுநாளே, ஹட்டா முன்னின்று முஸ்லிம் தலைவர்களிடம் பேச, அவர்கள் இணங்கி அந்த ஏழு வார்த்தைகளையும் எடுத்துவிட்டார்கள். பெரும்பான்மையோர் தங்கள் பலத்தைத் தாங்களே சுருக்கிக்கொண்ட இந்தச் சம்பவத்தை நம் தேசத்தில் எத்தனை அரசியல்வாதிகள் அறிவார்கள்? அதன் பின் எல்லாம் சுமுகமாய் நடந்ததென்று சொல்வதற்கில்லை. அந்த வார்த்தைகளைத் திரும்பச் சேர்க்க வேண்டுமென்ற கிளர்ச்சி பல தடவை எழுந்தது. ஆச்சேயில் இன்று ஷரியத் சட்டம் அமலில் இருக்கிறது.

பாஷை விஷயம் இதைவிட நமக்கு நெருங்கியது. அத்தேசத்தாரில் நூற்றுக்கு நாற்பது பேர் ஜாவானியர். பழைய இலக்கியமும் ராஜசபை நாகரிகமும் படைத்தது ஜாவானிய பாஷை. எண்ணிக்கையே நியாயமானால் அதுவே தேசிய பாஷையாகியிருக்க வேண்டும். ஆனால் 1928 அக்டோபர் 28-ல் கூடிய வாலிபர் மகாநாடு, தேசம் ஒன்று, ஜாதி ஒன்று என்று பிரதிக்ஞை செய்துவிட்டு, ஒற்றுமைக்குரிய பாஷையாக மலாயை ஏற்றது. மலாய் துறைமுகங்களில் எல்லாரும் பேசிய வியாபார பாஷை. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் சிறுபான்மையினர். ஜாவானியத்திலோ பெரியவரிடம் பேச ஒரு நடை, சிறியவரிடம் பேச ஒரு நடை என்று படிகள் உண்டு. சமத்துவம் பேச வந்த வாலிபர்களுக்கு அது இடைஞ்சல். ஆகவே பெரிய கூட்டத்தாரின் பாஷை மற்றவர்கள்மேல் ஏறவில்லை. பெரிய கூட்டத்தாரும் மற்றவர்களைப் போலவே ஒரு பாஷையைப் புதிதாய்க் கற்றார்கள். இந்த நாட்டின் பாஷைச் சண்டையில் எந்தப் பக்கம் நிற்பவரும் இந்த உதாரணத்தை ஆராயாமல் பேசுவது முறையன்று. அப்பாஷையில் கப்பலுக்குக் 'கபால்', கடைக்குக் 'கெடை' என்று சொல்லுவதைக் கேட்டால் தமிழருக்குச் சந்தோஷம் உண்டாகும். அந்தச் சந்தோஷத்தோடு நின்றுவிடுகிறோம் என்பதே நமது குறை.

டச்சு ஆட்சியின் கொடுமைகளை விரிக்க இடமில்லை. 1830 முதல் ஜாவாவின் குடியானவர்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியில் காப்பி, கரும்பு, அவுரி பயிரிட்டுச் சர்க்காருக்குக் கொடுக்க நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். அந்த வருமானத்தில் ஹாலந்தின் பொக்கிஷம் நிரம்பியது. நாம் சொல்ல விரும்புவது முடிவில் நடந்த கணக்குத் தீர்ப்பைப் பற்றியது. 1949 டிசம்பர் 27-ல் ஹாலந்து சுதந்திரத்தை ஒப்புக்கொண்டபோது, பழைய காலனி சர்க்காரின் கடன் சுமார் 430 கோடி கில்டரைப் புதிய தேசத்தின் தலையில் கட்டியது. இந்தோனேஷியரை அடக்க நடத்திய யுத்தத்தின் செலவும் அதில் சேர்ந்திருந்தது! அடிபட்டவனே தடிக்கும் விலை கொடுக்க வேண்டுமென்ற இந்தத் தர்மத்தை எந்தச் சட்டப் புத்தகத்தில் கண்டார்களோ அறியோம். 1956-ல் இந்தோனேஷியா அந்த உடன்படிக்கைகளை ரத்து செய்தது.

அந்தப் போரில் நமக்கும் பங்குண்டு; அது நாம் மறக்க விரும்பும் பங்கு. 1945 நவம்பர் 10-ல் ஸுரபாயா நகரைத் தாக்கிய பிரிட்டிஷ் சைன்யத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். இந்தோனேஷியர் அத்தினத்தை இன்றும் வீரர் தினமாய்க் கொண்டாடுகிறார்கள். அதே சமயத்தில் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் டச்சுக் கப்பல்களை ஓட்ட மறுத்துக் கரையிறங்கிய இந்திய மாலுமிகளும் இருந்தார்கள் என்பது ஆறுதல். 1949 ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு தில்லியில் ஆசிய தேசங்களைக் கூட்டி இந்தோனேஷியாவுக்காக வாதாடியதும், 1950-ல் நமது முதற் குடியரசு தினத்துக்கு ஸுகர்ணோ விருந்தினராய் வந்ததும் அந்தக் கணக்கில் வரவு வைக்கத் தக்கவை.

ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பை மேடைதோறும் பெருமையாய்ப் பேசுகிறோம். அவனுடைய தகப்பனார் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விஹாரம் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் கிராமம் மானியமாயிற்று. டச்சுக்காரர் எடுத்துப்போய் வைத்ததால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற பட்டயம் இதற்குச் சாட்சி. இருபது வருஷத்துக்குள், சுமார் 1025-ல், அதே ஸ்ரீவிஜயத்தை ராஜேந்திரன் சூறையாடினான். நமக்கு அது வெற்றி. ஸுமத்ராவில் உள்ளவனுக்கு அது என்ன? அந்தத் தீவின் பாருஸில் 1088-ம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டொன்றை விட்டுச் சென்ற ஐந்நூற்றுவர் வணிகர்கள் வாளோடு போகவில்லை, தராசோடு போனார்கள். நமது பெருமைக்கு அவர்கள் போதாதா? பிற்காலத்தில் டச்சுக்காரரின் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போன நம்மவரின் சந்ததியார் மேடான் நகரில் இன்றும் இருக்கிறார்கள். அங்கே மாரியம்மன் கோவிலும் இருக்கிறது. மேடைகளில் இவர்கள் பெயர் அடிபடுவதில்லை.

சிநேகிதன் என்பதற்காகக் குற்றத்தை மறைக்கவும் வேண்டாம். 1965-66-ல் கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டி ஐந்து லட்சம் பேர், அல்லது அதற்கும் மேல், அத்தேசத்தில் கொல்லப்பட்டார்கள். 1975-ல் கிழக்குத் திமோரைப் படையனுப்பிப் பிடித்தார்கள். 1999-ல் அந்த ஜனங்கள் வாக்களித்துப் பிரிந்து 2002-ல் சுதந்திரம் பெறும் வரையில் அனுபவித்தது சொல்லி முடியாது. டச்சுக்காரனிடம் அடிபட்ட அதே தேசம்தான் இதைச் செய்தது.

பத்திரிகைக்காரர்களான நாமும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்களே. எரிமலை வெடித்தாலன்றி, விமானம் விழுந்தாலன்றி, இந்தப் பத்திரிகையில் அந்நாட்டின் பெயர் அச்சேறியது அபூர்வம். லண்டனிலும் நியூயார்க்கிலும் எழுதுவதைத்தான் நாம் தமிழில் போட்டுக்கொண்டிருக்கிறோம். மேடானிலோ ஜகார்த்தாவிலோ வசிக்கும் தமிழர் யாரேனும் அங்குள்ள விலைவாசி, பள்ளிக்கூடம், தேர்தல் முதலிய விஷயங்களை எழுதியனுப்பினால் வாரம் ஒரு பத்தி ஒதுக்குவதாக நிச்சயித்திருக்கிறோம். பாலிக்குப் போகும் நண்பரிடமும் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறோம். கடற்கரை வர்ணனை மட்டும் வேண்டாமென்று சொல்லியாயிற்று.