தொப்பியும் துண்டும்

நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தொப்பிமேல் தீராத மோகம். ஐரோப்பிய நாவல் ஒன்று தமிழுக்கு வந்தால் போதும், யாராவது யாருக்காவது ‘தொப்பியைக் கழற்றி’ மரியாதை செய்துவிடுகிறார். இப்போது மொழிபெயர்ப்பு என்ற சாக்குக்கூட இல்லாமல் விமர்சகர்களும் கழற்றுகிறார்கள். வாழ்நாளில் தொப்பி வைத்தறியாத இவர்கள் எதைக் கழற்றுகிறார்கள்? தலையில் ஏறுவது பற்றித் தமிழில் உள்ள வழக்கே வேறு. ‘குல்லா போடுவது’ என்றால் காரியம் சாதிக்க ஒருவரைக் குளிப்பாட்டுவது.

இது பாஷைத் தூய்மைப் பிரச்னை என்று பண்டிதர்கள் கிளம்பிவிட வேண்டாம். அவர்கள் வைத்தியம் நோயைவிட மோசம். ஆங்கிலத் தொடர் ஒன்று, எதிரே அர்த்தம் ஒன்று என்று பட்டியல் போடுவார்கள். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் விற்கும் பரீட்சை நோட்ஸும் அதைத்தான் செய்கிறது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பையன், ‘பெல்ட்டை இறுக்கு’ என்றால் சிக்கனம் என்று உருப்போடுகிறான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க வைக்கிறார்கள் என்பது அவன் வீட்டுப் பேச்சு. நோட்ஸில் அதற்கு இடமில்லை.

மூலத்தின் அந்நியத்தன்மையைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு வாதம் உண்டு. பாத்திரம் நிஜமாகவே தொப்பி அணிந்திருந்தால் தொப்பி இருக்கட்டும், ஆட்சேபமில்லை. மரபுத்தொடரில் தொப்பி கிடையாது. அங்கே இருப்பது ஒருவன் இன்னொருவன் முன் நிற்கும் விதம்.

ஆங்கிலத் தொப்பி இரண்டு விதமாகக் கழல்கிறது. மனமுவந்த பாராட்டாகக் கழற்றுவது ஒன்று. கூலிக்காரன் எஜமானன் முன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது மற்றொன்று. நம்மவர்கள் இரண்டையும் ஒரே தொப்பியாக்கிவிடுகிறார்கள். முதலாவதற்கு ‘சபாஷ்’ போதும். இரண்டாவதற்குத் தமிழில் அச்சாக ஒரு தொடர் இருக்கிறது: தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பது. அதை மட்டும் எழுத மாட்டார்கள்.

காரணம், தொப்பி யாரையும் உறுத்தாது, துண்டு உறுத்தும். செட்டிநாட்டுக் கல்யாணம் ஒன்றில் நாதஸ்வர வித்வான் சிவக்கொழுந்துவைத் துண்டை எடுக்கச் சொன்னார்கள். எடுக்காதே என்று பட்டுக்கோட்டை அழகிரி குறுக்கே நின்றார். ஒரு முழத் துணிக்காக இந்த நாட்டில் சண்டை நடந்திருக்கிறது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. தேசம் சுதந்திரமடைந்து 29 வருஷங்களுக்குப் பிறகே அரசாங்கம் அதை ஏற்றது. எஜமானன் முன் எப்படி நிற்பது என்பதை அந்த மலைக்கு லண்டன் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த அனுபவத்தின் சொல்லை விட்டுவிட்டு லண்டன் தொப்பியைத் தேடுவது மொழி அறியாமை அல்ல, சாமர்த்தியம்.

கையுறை விவகாரமும் இதுவே. ரகசியக் கூட்டைச் சொல்லும் ஆங்கிலத் தொடரை ‘கையுறைக்குள் கை போல’ என்று பெயர்க்கிறார்கள். கேட்க நாசூக்காக இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். யார் யாருக்கு உடந்தை என்று ஊர் கேட்டது. அந்த இடத்தில் கையுறையை எடுத்து நீட்டிப் பாருங்கள். ‘உடந்தை’யில் துணி இல்லை, உடுப்பு இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பு அதுதான். விரல் நீட்டிக் கேட்கும் அந்தச் சொல்லின்மேல் கையுறையை மாட்டிவிட்டால், கேள்வி அலங்காரமாகிவிடும்.

தொப்பியில் கைவைக்கும் முன் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைப் பார்க்கட்டும்: அந்த வாக்கியத்தில் எதிரெதிரே நிற்பவர்கள் சமமானவர்களா, ஆண்டானும் அடிமையுமா? அது தெரிந்தால் சொல் தானே வரும். வரும் சொல்லை எழுதக் கூச்சமாக இருந்தால், கூச்சத்தோடேயே எழுதட்டும்.