நாற்காலியில் ஒரு வான் பிரயாணம்

கோடை விடுமுறை பிறந்தால், ஊரிலிருந்து உறவினர் வருவதும், அவர்களை எங்கே அழைத்துச் செல்லலாம் என்ற யோசனை எழுவதும் நம் இல்லங்களில் வழக்கம். மும்பை, புனே நகரங்களில் வாழும் அன்பர்கள் பலர் கோபோலி அருகேயுள்ள இமேஜிக்கா பூங்காவை நாடுகின்றனர். 2013-இல் திறக்கப்பட்ட அப்பூங்காவில், தலைகீழாய்ச் சுழன்று பாயும் சவாரிகளோடு, திரையின் முன் அமர்ந்தபடியே செல்லும் சவாரிகளும் அமைக்கப்பட்டன. ‘ஐ ஃபார் இந்தியா’ நம் நாட்டை வானிலிருந்து காட்டுவது; ‘மிஸ்டர் இந்தியா’ 1987-இல் வெளிவந்த இந்தித் திரைப்படத்தைத் தழுவியது. இத்தகைய சவாரிகளில் என்ன நேரும் என்பதை முன்னரே அறிந்து செல்வது நன்று.

உண்மையில் இங்கே நாம் எங்கும் செல்வதில்லை. ஆசனம் சிறிதளவே அசைகிறது. எஞ்சிய தூரத்தை நம் மனமே கடந்துவிடுகிறது. திரையில் காட்சி முன்னோக்கிப் பாயும்போது ஆசனம் சற்றே பின்புறம் சாய்கிறது. நம் எடை முதுகில் அழுந்துகிறது. சாய்ந்ததைக் காட்டிக்கொடுக்க வேறெதுவும் கண்ணில் படாமையால், ‘வேகம் பிடித்துவிட்டோம்’ என்று உடல் நம்பிவிடுகிறது.

இது வேடிக்கைக்கெனப் பிறந்த தந்திரமன்று. விமானிகள் தரையிலிருந்தே பயிற்சி பெறும்பொருட்டு, 1920-களின் இறுதியில் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர் ஒரு யந்திரத்தை அமைத்தார். அவ்வழியில் வளர்ந்த பயிற்சிப் பொறியே 1987-இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் ‘ஸ்டார் டூர்ஸ்’ சவாரியாயிற்று. 2001-இல் அம்மாநிலத்திலேயே தோன்றிய ‘சோரின்’ சவாரியோ, கால்கள் தொங்க மக்களை உயர்த்தி, பெரிய வளைதிரையின் முன் நிறுத்தி, வீசும் காற்றையும் ஆரஞ்சுத் தோட்டத்து மணத்தையும் சேர்த்தே வழங்கியது.

இனி, தலைசுற்றல் பற்றி ஒரு சொல். ‘பறக்கிறோம்’ என்கிறது கண். ‘அமர்ந்திருக்கிறோம்’ என்கிறது உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு. இவ்விரண்டின் பிணக்கே குமட்டலுக்குக் காரணம். பேருந்துப் பிரயாணத்தில் வாந்தியெடுப்போர் இங்கும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். வயிறு புடைக்க உண்டவுடன் ஏறலாகாது. குமட்டல் தொடங்கினால் திரையினின்று பார்வையை விலக்கி, கண்களை மூடிக்கொள்ளலாம். அக்கணமே வானப்பிரயாணம் மறைந்து, ஆடும் நாற்காலி மட்டும் எஞ்சும்.

இருதய நோய், கழுத்துவலி, முதுகுவலி உடையோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரிய எச்சரிக்கைகளையும், குழந்தைகளின் உயர வரம்பையும் வாயிற்பலகையில் எழுதி வைப்பர். அப்பலகை தமிழில் இராது. ஊரிலிருந்து வந்த பாட்டி அதைப் படிக்க இயலாது. பேரனின் சொல்லையே நம்பி உள்ளே நுழைவார். “வா பாட்டி, வெறும் நாற்காலிதான்” என்று கைப்பற்றி இழுப்பது அன்பின் மிகுதியேயாயினும், அந்நம்பிக்கைக்குச் செய்யும் நியாயமன்று. பலகையிலுள்ளதை வரி வரியாகத் தமிழில் சொல்லுங்கள். ஆசனம் அசையும், இருள் சூழும், ஓசை பெரிதாயிருக்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள். பின்பு முடிவை அவரிடமே விடுங்கள்.

“கட்டணம் கொடுத்தாயிற்றே” என்பது ஒருவரை ஏற்றுவதற்குக் காரணமாகாது. வேண்டாமென்பவரைத் தனியே வெளியில் அமர்த்திச் செல்லாமல், வீட்டாரில் ஒருவர் துணையிருத்தல் முறை. உடல்நலம் இடங்கொடுக்க, “நானும் வருகிறேன்” என்று பாட்டியே எழுந்துவிட்டால், “இந்த வயதில் உங்களுக்கு எதற்கு?” என்று தடுப்பதும் தவறு. விமானம் ஏறியே அறியாத ஒருவர், நம் நாட்டின் மலையையும் நதியையும் வானிலிருந்து காண விரும்புவதில் வியப்பென்ன? பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து, அவர் கையைப் பற்றிக்கொள்ளுங்கள்; அது போதும்.