கணக்குப் புத்தகமும் 'நம்ம தலைக்கு ஏறாது' என்ற பொய்யும்

பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது, ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கு உதவும் என்று ஒருவர் பழைய புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். எஸ்.எல். லோனியின் முக்கோணவியல் நூல். நான்கு கணக்குகளுக்கு மேல் நகரவில்லை. கடைசிப் பக்கங்களில் விடை இருந்தது, வழி இல்லை. கேட்க ஆளும் இல்லை. 'இதெல்லாம் நம்ம தலைக்கு ஏறாது' என்று மூடிவைத்தேன். அந்த 'நம்ம' என்ற சொல்லுக்குள் சாதி உட்கார்ந்திருந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

ஹால், நைட் எழுதிய உயர் இயற்கணிதம் 1887இல் வந்தது. லோனியின் முக்கோணவியல் 1893இல் வந்தது. மாரோனின் நுண்கணித நூலை மாஸ்கோவின் மீர் பதிப்பகம் மலிவு விலையில் அனுப்பியது. பயிற்சி மையங்கள் இன்றும் இவற்றைப் பரிந்துரைக்கின்றன. இவற்றை வாங்க லட்சங்கள் தேவையில்லை. பிறகு எங்கே இருக்கிறது வேலி?

ஒரு கணக்கைப் பாருங்கள். மிகை எண் ஒன்றையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் 2க்குக் குறையாது என்று நிறுவ வேண்டும். எந்த எண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாது என்பதிலிருந்து தொடங்கு என யாராவது சொல்லிவிட்டால் இரண்டு வரியில் முடியும். சொல்ல ஆளில்லாதவருக்கு ஒரு வாரம் ஆகலாம். இந்த ஒரு வார வித்தியாசத்தைத்தான் 'பிறவித் திறமை' என்கிறார்கள். எட்டாம் வகுப்பிலிருந்தே பயிற்சி, வீட்டில் பொறியாளர் அப்பா, வேலைக்குப் போகாமல் இன்னொரு வருடம் படிக்கும் வசதி இவையெல்லாம் தலைமுறைச் சொத்து. மதிப்பெண் பட்டியலில் அந்தச் சொத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

தேர்வும் அதே பக்கம்தான் சாய்கிறது. ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழில் எழுத 2021இல்தான் வழி பிறந்தது. ஐ.ஐ.டி.க்குள் நுழைய வேண்டிய அட்வான்ஸ்டு தேர்வின் வினாத்தாள் இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்நாடு தன் பொறியியல் நுழைவுத் தேர்வை 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை 2021இல் பொறியியலுக்கும் விரித்தது. இவை போராடிப் பெற்ற வழிகள். ஆனால் ஒன்றிய அரசின் நிறுவனங்களுக்கு முன்னால் அந்த வழி நின்றுவிடுகிறது.

அதற்காக இந்தப் புத்தகங்களை அவர்களுக்கே விட்டுவிடலாமா? கூடாது. இப்போது தேர்வுக்குப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். முதலில் பாடநூல், பிறகு பழைய வினாத்தாள்கள். எந்த அத்தியாயத்தில் தடுமாறுகிறீர்களோ அதற்கு மட்டும் இந்த நூல்களைத் திறங்கள். அட்டை முதல் அட்டை வரை போட வேண்டாம். நிதானமாக நிறுவிப் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை அவை. இன்றைய தேர்வோ கடிகாரத்தோடு ஓடுவது. தனியாக உட்காராதீர்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு கணக்கைப் போடுங்கள். வழி கண்டவர் மற்றவருக்குக் கரும்பலகையில் விளக்கட்டும்.

ஆய்வு மாணவர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. வாரம் இரண்டு மணி நேரம், ஊரில் உள்ள அம்பேத்கர் படிப்பகத்திலோ அரசுப் பள்ளியிலோ உட்காருவோம். அட்வான்ஸ்டு வினாத்தாளைத் தமிழில் கேட்போம், ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் கணித ஆசிரியரைக் கேட்போம். அன்று எனக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் உட்கார்ந்து 'இப்படித் தொடங்கு' என்று சொல்ல ஓர் ஆள். இன்று இன்னொரு பிள்ளை அந்தப் புத்தகத்தை மூடுவதற்குள் நாம் அங்கே போய்ச் சேர வேண்டும்.