ஒத்துக்கொண்ட பிறகு



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்று மதுரை வில்லாபுரம் ஹவுசிங் போர்டு பக்கமிருந்து. எழுதியவர் ஓர் அம்மா. மகன் லோடு வேன் ஓட்டுகிறார். சில மாதங்களுக்கு முன் வண்டி நிறுத்துவதில் தகராறு, கைகலப்பு, பெட்டி கேஸ். "ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிரும், இல்லேன்னா வாய்தா வாய்தாவா அலையணும்னு வக்கீல் சொன்னாரு. இவனும் ஒத்துக்கிட்டான். இப்ப துபாய் வேலைக்குப் போலீஸ் சர்டிபிகேட் கேட்டா, தண்டனை ஆயிருக்குன்னு வருது. அன்னைக்குச் சொன்னதை மாத்த முடியுமாய்யா?"

வாய்தாவுக்கு ஒரு தடவை போய் வந்தாலே வேன்காரருக்கு ஒரு நாள் வருமானம் போச்சு. அந்தக் கணக்கில் பார்த்தால் வக்கீல் சொன்னது தப்பே இல்லை. சொல்லாமல் விட்டதில்தான் வினை. அபராதம் கட்டி வெளியே வந்தவர் விடுதலையானவர் அல்ல, தண்டிக்கப்பட்டவர். தொகை சின்னது என்பதால் தீர்ப்பு சின்னதாகிவிடாது.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அவர் சொன்னதை முடிந்தவரை அவர் வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 275-வது பிரிவு சொல்வது இது. ஒப்புக்கொண்டாலும் தண்டித்தே ஆக வேண்டும் என்றில்லை. அது நீதிபதியின் விருப்புரிமை. மும்பைத் தாக்குதல் வழக்கில் 2009 ஜூலை 20 அன்று கசாப் விசாரணைக்கு நடுவில் திடீரென்று குற்றத்தை ஒப்புக்கொண்டான். அதோடு கதை முடிந்தது என்று கோர்ட் எழுந்துவிடவில்லை; அவன் சொன்னதைப் பதிவு செய்துகொண்டு சாட்சிகளைத் தொடர்ந்து விசாரித்தது.

‘அவர் வார்த்தைகளிலேயே’ என்ற விதியை வைத்து ஜெயித்த வழக்கு நம் மாநிலத்தில் இருந்துதான் போனது. மகந்த் கௌசல்யா தாஸ் எதிர் மெட்ராஸ் மாநிலம். 1960-களின் மதுவிலக்குச் சட்ட வழக்கு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றுதான் தண்டித்தார்கள். அவர் என்ன சொன்னார் என்பது பதிவில் இல்லை. அப்படிப் பதிவது வெறும் சடங்கல்ல, கட்டாய விதி. மீறினால் விசாரணையே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பல கோர்ட்டுகளில் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்ற ஒற்றை வரியை அச்சடித்த தாளாகவே வைத்திருக்கும் பழக்கத்துக்கு எதிராக இன்றைக்கும் கையில் எடுக்கக்கூடிய தீர்ப்பு இது.

கர்நாடகத்தின் திப்பேசாமி வழக்கு வேறு மாதிரி. லேசாக விட்டுவிடுவோம் என்ற பேச்சை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு, மேலே போனபோது தண்டனை கூடியது. ஆசை காட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுப் பிறகு தண்டனையை ஏற்றுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்ற உச்ச நீதிமன்றம், அவர் எதிர்வாதம் செய்ய வழிவிட்டு வழக்கை முதலிலிருந்து நடத்தச் சொன்னது.

சரி, ‘வக்கீல் சரியாகச் சொல்லவில்லை’ என்ற வாதம் எடுபடுமா? நம் கோர்ட்டுகளில் ஜெயிக்கக் கடினமானது இதுதான். வக்கீலே இல்லை என்றால் பிடிமானம் உண்டு: 1986-ல் சுக் தாஸ் வழக்கில், இலவச வக்கீலை அவர் கேட்கவில்லையே என்ற உயர் நீதிமன்றத்தின் காரணத்தை ஏற்க மறுத்த நீதிபதி பகவதி, உரிமை இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார் என்ற நியாயத்தில் தண்டனையை ரத்து செய்தார். வக்கீல் இருந்தும் பயனில்லை என்றால் வழுக்குப்பாதைதான். இன்னொரு வக்கீலைக் குறை சொல்லிப் பிரமாணப் பத்திரம் தயாரிக்கப் புது வக்கீலும் கொஞ்சம் தயங்குவார். நாளைக்கும் பார் அசோசியேஷனில் முகம் பார்க்க வேண்டுமே!

அமெரிக்காவில் அந்த வாதம் எடுபட்டிருக்கிறது. ஹோசே படில்லா ஹோண்டுராஸில் பிறந்த லாரி டிரைவர். நாற்பது வருஷத்துக்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்தவர், வியட்நாம் போருக்குப் போனவர். கஞ்சா கடத்திய வழக்கில், இத்தனை வருஷம் இங்கே இருந்துவிட்டீர்கள், நாடு கடத்தல் பற்றிக் கவலை வேண்டாம் என்றார் வக்கீல். நம்பி ஒப்புக்கொண்டார், நாடு கடத்தல் வாசலில் வந்து நின்றது. அந்த ஆபத்தை எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010 மார்ச் 31-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனை ரத்தாகுமா என்பதை மட்டும் கென்டக்கி மாநில நீதிமன்றங்களிடம் விட்டது. துபாய் விசாவுக்குக் காத்திருக்கும் நம் வேன்காரருக்கும் அவருக்கும் அதிக தூரமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் சாதாரண மேல்முறையீடு செய்ய முடியாது; தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் மட்டும்தான் கேள்வி கேட்கலாம். அதே சன்ஹிதாவின் 416-வது பிரிவு அப்படி. சீராய்வு மனுவுக்குக் கதவு திறந்திருக்கிறது: மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ, ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையிலோ போடலாம். கெடு 90 நாள். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு, காரணத்தோடு.

அதற்கும் முன்னால் நகல் மனு போட்டுத் தீர்ப்பையும், மகன் சொன்னதைப் பதிந்த தாளையும் வாங்குங்கள். வக்கீல் மீதுள்ள கோபத்தைவிட அந்தத் தாள்தான் பேசும். மகன் சொன்ன வார்த்தை அதில் இருக்கிறதா, அச்சடித்த வரி மட்டும்தானா என்று பாருங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்கு அடியுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. ஆனால் மனுதாரர் நீங்கள் அல்ல, மகன். எனவே வருமானச் சான்றிதழை அவர் பெயரிலேயே வாங்கி எடுத்துப் போங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் சாதிச் சான்றிதழே போதும்.

அன்புடன்,
ஆசிரியர்